அந்தம்மா மாத்திரை போட்டிருக்கிறார்

மார்ச் 4
நோயாளியின் வாயிலிருந்து மாதிரி எடுக்க, ஆய்வகத்திலிருந்து எச்.ஐ.வி. பிரிவுக்குப் போனேன். துணி தைக்கும் அம்மா ஒருவர். நாக்கு முழுக்க வெள்ளைப் படலம்; தண்ணீர் விழுங்கவே கண் கலங்குகிறது. பூஞ்சைத் தொற்று; மூன்று வாரமாக அதற்கு மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. டாக்டர் என் முன்னாலேயே, "நீங்க ஒழுங்கா போடலம்மா, அதான்" என்றார். அந்தம்மா காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒன்னுகூட விடல சார்." டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எந்த மருந்துக்கு இந்தப் பூஞ்சை அடங்கும் என்று சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானே செய்யப்போகிறேன்.

மார்ச் 6
வழக்கமான பூஞ்சை எங்கள் வளர்ப்புத் தட்டில் பச்சையாக வளரும். இது மங்கிய ரோஜா நிறம், சொரசொரப்பு. அதைப் புதுத் தட்டில் பூசி, அந்த மாத்திரையின் மருந்து தோய்ந்த காகித வில்லையை மேலே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரருக்குக் கிண்டல்: "வீட்ல ரொட்டி பூத்தா தூக்கி எறியுற, அங்க போய்ப் பொத்திப் பொத்தி வளர்க்கிற!"

மார்ச் 7
மருந்துக்கு அடங்கினால், வில்லையைச் சுற்றிப் பூஞ்சை வளராத வெறும் வட்டம் விழவேண்டும். விழவில்லை. வில்லையை ஒட்டியே கொழுகொழுவென்று பூஞ்சை. ஆய்வகத் தலைவி, "தட்டு கெட்டிருக்கும், தூக்கிப் போடு" என்றார்.

என் கை சுத்தமில்லையா? பதினோரு வருஷமா இதே வேலைதானே செய்யறேன்! மறுபடி மூன்று தட்டு. ஒப்பிட, அந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்த பூஞ்சை ஒரு தட்டு. கூடவே இன்னொரு மருந்தின் வில்லையும்.

மார்ச் 8
மூன்றிலும் அதே கதை! ஒப்பீட்டுத் தட்டில் வட்டம் கச்சிதம் — ஆக, என் கையிலும் குறையில்லை, வில்லையிலும் குறையில்லை. இரண்டாவது மருந்துக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர் வட்டம். தலைவி அளவுகோலை வாங்கித் தானே இரண்டு முறை அளந்தார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அதை நானே டாக்டரிடம் கொண்டுபோனேன். "சார், இது அந்த மாத்திரைக்கு அடங்குற இனமே இல்ல. அந்தம்மா போட்டிருக்காங்க."

மார்ச் 9
மருந்தை மாற்றிவிட்டார்கள். நான் தப்பாக இருந்தால்? — இல்லை. இருக்காது.

மார்ச் 19
வராந்தாவில் அந்தம்மா, மகளோடு. நாக்கை நீட்டிக் காட்டினார்: சிவப்பு, சுத்தம்! "டாக்டர் எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு" என்றார். பிறகு மகளிடம், "நான் பொய் சொல்லலன்னு கண்டுபிடிச்சது இவங்கதான்."

பெருமையா இருக்கு. எழுதினா என்ன? ரொம்பப் பெருமையா இருக்கு.

ஏப்ரல் 2
எச்.ஐ.வி. பிரிவிலிருந்து ஆறு மாதிரிகள். ஆறு சீட்டிலும் டாக்டரின் கோழிக்கிறுக்கல்: 'மருந்துச் சோதனையும் செய்யவும்.'