கல்லாமேல் ஒரு குட்டி விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வியாபாரமும் பழுதில்லை.

நான் விற்கும் சாதனத்தையே நம் வீட்டிலும் மாட்டினேன் அல்லவா? நீங்கள் வாசல் விளக்கைப் போட்டால் இங்கே என் கல்லாமேல் ஒரு குட்டி விளக்கும் எரியும். அதைப் பார்த்த பிறகுதான் கடையைச் சாத்துவேன்.

செவ்வாயன்று அது எரியவில்லை. படியப்போன வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன்; அவர்தான் போய்ப் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தார்: "உங்கப்பா இருட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காருப்பா. 'ஒத்த ஆளுக்கு எதுக்கு லைட்டு'ங்கறாரு."

நானும் சிரித்துவிட்டேன்.

உங்களுக்கு வெளிச்சம் வேண்டாம் என்றாலும் அந்த ஒரு விளக்கைப் போட்டுவிடுங்கள் அப்பா. அன்றைக்கு நான் கடையைச் சாத்தவே இல்லை.

சரக்கு வண்டி வந்துவிட்டது, மூட்டைகளை இறக்கி வைக்கப் போகிறேன்.

உங்கள் மூத்தவன்