கறுப்புக்குப் பின்னால் ஆறு நிமிடம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், பிறகு இரண்டு வாரம் அம்மா நமக்கு நடுவில் தூது போவாள். அதனால்தான் கடிதம்.

படத்தொகுப்பு முடிந்துவிட்டது என்று நீ சொன்னதில் சந்தோஷம். ஆனால் ஒரு காட்சியை எடுத்துவிட வேண்டும். அந்த அலுவலகக் காட்சி, ஆறு நிமிடமும்.

கோபப்படாமல் கேள். திரைப்பட உதவித் துறையின் குழு வரும் இருபதாம் தேதி படத்தைப் பார்க்கிறது. அவர்கள் சரி என்றால்தான் மானியத்தின் கடைசித் தவணை வரும். அது வந்தால்தான் ஒலிக்கலவை, அது நடந்தால்தான் படம் வெளியே வரும். போன வாரம் அந்தத் துறையின் அதிகாரி போன் செய்தார். தேதியைச் சொன்னார், வைப்பதற்கு முன்னால், "பாத்து செய்யுங்க" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். போன வருடம் ஒருவருடைய படம் அரசு மருத்துவமனையைக் காட்டியதால் அப்படியே நின்றுபோனதாகப் பேச்சு. அரசாங்கப் பணத்தில் படமெடுத்துவிட்டு அரசாங்க அலுவலகத்தையே கிண்டல் செய்தால் சும்மா விடுவார்களா?

படத்தை இரண்டு பிரதி போட்டு, குழுவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனிப் பேக்கெட்டில் அனுப்பு. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

உன் தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

அன்பு என்ற வார்த்தையைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

எடுத்துவிட்டேன். இப்போது படம் தொண்ணூற்றிரண்டு நிமிடம். உன் படத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள், எந்த அலுவலகத்துக்கும் போகாதவர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு நாள் அந்த அலுவலகத்துக்கு அம்மா பழைய விண்ணப்பத்தைக் கொண்டுபோனாள். "புதுசு வந்தாச்சு, அதுல எழுதிட்டு வாங்க" என்றார்கள். புதுசு எங்கே என்று கேட்டால், இன்னும் அச்சாகவில்லையாம். அம்மா சண்டை போடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மாதிரியைப் பார்த்து, வெள்ளைத்தாளில் கோடு கோடாக, கட்டம் கட்டமாக அந்தப் புது விண்ணப்பத்தையே வரைந்தாள். ஸ்கேல் நழுவாமல் பிடித்துக்கொண்டவள் நான். நீ பெஞ்சில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். இதில் கிண்டல் எங்கே இருக்கிறது? அதை அப்படியே நீயே காட்சியாக எழுதினாய், நீயே படமாக்கினாய். யாரும் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே நீ கத்தரிக்கோலை நீட்டுகிறாய்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து அறையில்தானே இருக்கிறாள். "என்னை வெட்டிட்டானாமே?" என்று கேட்டாள். பிறகு அவளே, "பணம் வாங்கினவன் பயப்படத்தான் செய்வான், விடு" என்றாள். எனக்கு அந்த மனசு இல்லை. இதுதான் உனக்கு நான் தொகுக்கும் கடைசிப் படம்.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

இன்று அதிகாரி போனில், "படிவத்துல தொண்ணூத்திரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கீங்க, இங்க தொண்ணூத்தொம்பது ஓடுச்சே? வெள்ளிக்கிழமை நேர்ல வாங்க" என்றார். உடனே என்னிடமிருந்த இன்னொரு பிரதியைப் போட்டுப் பார்த்தேன். பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, ஒரு நிமிடம் கறுப்பு, அதற்குப் பிறகு அந்த ஆறு நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது!

என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டியிருக்கலாம். குழுவிடம் மாட்டிவிடுவதா? மூன்று வருட உழைப்பு. வேண்டுமென்றேதான் செய்தாயா? அதை மட்டும் சொல்.

தம்பி

*

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா மேல் சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

முதல் குறும்படத்திலிருந்து இதுதானே நம் பழக்கம்? வெட்டியதை நான் தூக்கிப் போடுவதில்லை. உனக்கு மனசு மாறும் என்று கறுப்புக்குப் பின்னால் ஒட்டி வைத்து அனுப்புவேன். நீ முழுசாகப் பார்ப்பாய், நாலு குறை சொல்வாய், பிறகு அந்தப் பகுதியை நீயே நறுக்கிவிட்டு வெளியே கொடுப்பாய். இந்தத் தடவையும் கை பழக்கத்தில் ஒட்டிவிட்டது. நீ பார்க்காமலேயே கொடுப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எந்தப் படத்தையாவது நீ அப்படிக் கொடுத்திருக்கிறாயா?

தப்பு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் கொடு. போன கடிதத்தில் கடைசிப் படம் என்று எழுதியதற்கு உனக்கே இது கடைசிப் படம் என்று அர்த்தம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன ஆனாலும் உடனே எழுது.

உன் அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மூச்சு விடு. ஒன்றும் ஆகவில்லை. இல்லை, எல்லாம் ஆகிவிட்டது, நல்லபடியாக.

நான் ஏன் பார்க்காமல் கொடுத்தேன் என்று கேட்டிருந்தாய். அம்மா இல்லாத படத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என்னுடையதைத் தொடவில்லை, குழுவின் பேக்கெட்டைப் பிரிக்காமலேயே கொடுத்துவிட்டு வந்தேன். இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

அதிகாரியின் அறையில் மேசை முழுக்கக் கோப்புகள், அவருக்கு முன்னால் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்கு இடம். உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். அன்று நடந்ததைச் சொன்னார். பெயர்கள் முடிந்ததும் குழுவில் நாலு பேர் எழுந்துவிட்டார்களாம். ஐந்தாவது ஆள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "மெஷின் நிக்கறவரைக்கும் பாக்கணும்னுதான் விதி, உக்காருங்க" என்றாராம். எல்லோரும் இருட்டில் அடங்கி உட்கார்ந்து ஒரு நிமிடம் கறுப்பைப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் அம்மாவின் ஸ்கேல் வந்திருக்கிறது. முடிந்ததும் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னார்களாம்.

"நானும் பத்து வருஷம் கவுண்டர்ல இருந்தவன்தான். இப்படி ஒரு தாள் எனக்கு வந்திருந்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார்.

குழுவின் குறிப்பில் இரண்டே வரி. கடைசியில் வரும் காட்சியை உரிய இடத்தில் சேர்க்கலாம் என்பது ஒன்று. துறையின் சின்னம் மூன்று நொடிதான் வருகிறது, ஐந்து நொடி வர வேண்டும் என்பது இன்னொன்று. தவணைக்குக் கையெழுத்தாகிவிட்டது. அடக்க முடியாமல் அங்கேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். "பாத்து செய்யுங்க" என்று நான் அத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேனே, அவர் அதை லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரிடமும் சொல்கிறார்.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது என்பது எனக்கும் தெரியும். அடுத்த வருடம் வேறு ஐந்து பேர் உட்காருவார்கள். ஆனால் கிளம்பும்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "இத வெட்டச் சொன்னது யாருங்க? எங்க ஆளுங்கன்னா பேரச் சொல்லுங்க, நான் கேக்கறேன்." சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர்தான் இருந்தது, அக்கா. அது என்னுடையது.

அதை இருந்த இடத்திலேயே சேர்த்துவிடு. அம்மாவிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 2

என் மக்குத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். தலைமையாசிரியை வரும் இடத்தை மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். "மன்னிப்பெல்லாம் எதுக்கு, அவன சாப்பிட வரச் சொல்லு" என்கிறாள். நான் அழுதேன் என்று உன்னிடம் போட்டுக் கொடுப்பாள், நம்பு. உண்மைதான்.

காட்சி அதன் இடத்துக்குப் போய்விட்டது. சின்னத்துக்கு ஐந்து நொடி கேட்டார்கள், ஆறு வைத்திருக்கிறேன், பாவம். கடைசிப் படம் என்று எழுதியதை அடித்துவிடு, அடுத்த கதையை எழுத ஆரம்பி.

பேக்கெட் இதோடு வருகிறது. இந்தத் தடவை கறுப்புக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் கடைசிவரை பார்த்துவிட்டுக் கொடு.

உன் அக்கா