இடப்பக்கம் ஒரு நீலக் கேட்

நேயா மாக்ரி,
செப்டம்பர் 14

எவாந்தியாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவர்கள் ஐம்பத்து நான்கு வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடமாட்டார்கள்.

உன் வக்கீல் அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. சாப்பாட்டு மேஜையில் எண்ணெய்க் குப்பிக்கு அடியில் கிடக்கின்றன. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. என் மனத்தை யாரும் கேட்டதாக நினைவில்லை.

நேற்று பத்திரிகை வாங்கப் போனேன். பெட்டிக்கடை ஃபோத்திஸ் நாலு பேர் காதில் விழும்படிச் சொன்னான்: "வாத்தியாரே, ஒங்க வீட்டம்மாவ மராத்தான் ரோட்டுல பாத்தேன். நல்லா எளச்சு, சின்னப் பொண்ணு கணக்கா ஓடுறாங்க. கூட ஒரு ஆளு. ரெண்டு பேர் கையையும் கயித்தால சேத்துக் கட்டியிருக்கு! யாரு ஓடிப்போயிடக் கூடாதுன்னு யாரு கட்டுனாங்களோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பத்திரிகையை வாங்காமலே வந்துவிட்டேன்.

நம் கல்யாண மகுடங்கள் கட்டிலுக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. இரண்டையும் பாதிரியார் ஒரு வெள்ளை நாடாவால் இணைத்தார், ஞாபகம் இருக்கும். ஒரு கட்டு இருக்கும்போதே இன்னொன்றா?

ஈஸ்டருக்கு வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன். என்ன நிறம் என்று நீ கேட்கமாட்டாய்.

ஸ்த்ராத்தோஸ்


ஏதென்ஸ், பங்க்ராத்தி,
செப்டம்பர் 22

அன்புள்ள ஸ்த்ராத்தோஸ்,

கடிதத்துக்கு நன்றி. போனில் என்றால் நடுவில் நிறுத்தித் திருத்துவீர்கள். கடிதத்தில் கடைசி வரை சொல்ல முடிகிறது.

அவர் பெயர் லெஃப்தெரிஸ். வங்கியில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கிறார். பார்வை இல்லாதவர். முப்பது வயதுக்கு மேல்தான் பார்வை போனது. அந்தக் கயிறு அதற்குத்தான். அவர் ஓட, பக்கத்தில் ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வழி சொல்லவேண்டும்.

இது நானாகத் தேடிப் போனதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். பிறகு பக்கத்துப் பூங்காவில் ஓடுகிற கூட்டத்தின் வாலில் சேர்ந்துகொண்டேன். ஒருநாள் அவருடைய துணையாள் வரவில்லை. பயிற்சியாளர் என்னைக் காட்டி, "இந்தம்மாதான் கூட்டத்துலேயே மெதுவு. ஒனக்குச் சரியா இருக்கும்"னார். நான், "எனக்குப் பேசவே வராதே"ன்னேன். "கல்லு, மேடு, நாய். இந்த மூணச் சொன்னாப் போதும்மா, பொழச்சுக்குவேன்"னு லெஃப்தெரிஸ் சிரித்தார்.

கல்லில்தான் தொடங்கினேன். இப்போது மாடியில் காயும் துணி, மேகம், கிச்சிலி மரத்தில் காய் பழுக்கிற நிறம், எல்லாம் சொல்கிறேன். ஓடும் நேரம் முழுக்க என் வாய் ஓய்வதில்லை. எனக்கே ஆச்சரியம். ஒரே ஒரு விதி: இல்லாததைச் சொல்லக்கூடாது. சொன்னால் விழுந்துவிடுவார்.

காதலா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் ஒளிக்கமாட்டேன்.

நவம்பரில் மராத்தானில் ஓடப்போகிறோம். உங்கள் வாசல் வழியாகத்தான்.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இரவில் சூப் மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

எவாந்தியா


நேயா மாக்ரி,
அக்டோபர் 5

எவாந்தியாவுக்கு,

அவன் குருடன் என்பதால் என் மனம் ஆறிவிடும் என்று நினைத்தாயா?

அழகனாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அழகு போய்விடும். என்னைவிட நன்றாக ஓடுகிறவன் என்றாலும் சரி, ஓடுவதற்கு நான் ஆசைப்பட்டதே இல்லை. என் மேஜைக்கு எதிரே நீ உட்கார்ந்திருந்த இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னதெல்லாம் என்ன? உப்பு தீர்ந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. உங்கள் அக்கா கூப்பிட்டாள். அவனுக்கு மட்டும் கிச்சிலிப்பழத்தின் நிறமா? எனக்கும்தான் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிச்சிலி மரம் இருக்கிறது. அது என்ன நிறத்தில் பழுத்தது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

கண் இருப்பவன் கண் இல்லாதவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்று தெரிந்தால் ஃபோத்திஸ் கடையை மூடிவிட்டுச் சிரிப்பான்.

ஒவ்வொரு நவம்பரிலும் தெருவை அடைத்துக்கொண்டு இந்தக் கூட்டம் ஓடுகிறது. கேட்டில் நின்று நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன்: மராத்தான் போரின் வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸுக்கு ஓடிச் செத்தவன் கதை பிற்காலத்துக் கட்டு, அந்தப் போரை முதலில் எழுதியவர் அப்படி ஒருவனைக் குறிப்பிடவே இல்லை என்று. ஒருவனும் நின்று கேட்பதில்லை.

ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு இந்த வீட்டைத் தாண்டும்போது அவனிடம் என்ன சொல்வாய்? என்னைப் பற்றி என்ன சொல்வாய்? அது தெரிந்த பிறகுதான் கையெழுத்து.

ஸ்த்ராத்தோஸ்


ஏதென்ஸ்,
அக்டோபர் 19

அன்புள்ள ஸ்த்ராத்தோஸ்,

கல்யாணமான முதல் கோடையில் கடற்கரையிலிருந்து ஓடிவந்து, "அலை இன்னிக்கு ஊதாவா இருக்கு, வந்து பாருங்க" என்றேன். நீங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். ஊதா என்பது தவறு, அது வெளிச்சம் செய்கிற வேலை, பழங்காலத்தவர் கடலுக்கு என்ன சொல் வைத்திருந்தார்கள் தெரியுமா என்று தொடங்கினீர்கள். நீங்கள் முடித்தபோது இருட்டிவிட்டது. நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு எனக்கு உப்பைப் பற்றிப் பேசுவதுதான் பத்திரமாகப்பட்டது.

என்ன சொல்வேன் என்று கேட்கிறீர்கள். இருப்பதைச் சொல்வேன். நீங்கள் நின்றால் நிற்கிறார் என்பேன். திட்டினால் திட்டுகிறார் என்பேன். கதவு மூடியிருந்தால் மூடியிருக்கிறது.

உங்கள் தெருவில் எல்லோரும் ஓடுகிறவர்களுக்கு ஆலிவ் கிளை கொடுப்பார்கள். நம் வாசலிலிருந்து மட்டும் யாருக்கும் ஒரு இலைகூடப் போனதில்லை. இந்த வருஷம் ஒன்று ஒடித்து வைத்துக்கொண்டு நில்லுங்களேன். கையெழுத்துக்காகச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

எவாந்தியா


நேயா மாக்ரி,
நவம்பர், ஞாயிறு மாலை

எவாந்தியாவுக்கு,

காலையில் சவரம் செய்துகொண்டேன். நல்ல கோட்டைப் போட்டேன். பின்கட்டு ஆலிவ் மரத்திலிருந்து ஒரு கிளை ஒடித்துக்கொண்டு கேட்டில் நின்றேன். யாருக்கும் வரலாறு சொல்லவில்லை. ஜெர்மன்காரன் ஒருவன் கையை நீட்டினான். இது வேறொருவருக்கு என்றேன். புரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு திருப்பத்தில் உங்கள் இருவரையும் பார்த்தேன். நடுவில் கயிறு. உன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவன் தலையை உன் பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். என் பக்கத்தில் அமர்ந்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. என் கால் என்னைக் கேட்காமல் உள்ளே போய்விட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ சொன்னது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அடுத்தது இடப்பக்கம் ஒரு நீலக் கேட் வரும். எலுமிச்ச மரம். அதான் வீடு."

"வாசல்ல நிக்கறாரா?"

நீ தலையைத் தூக்கவில்லை. நம் கேட்டுக்கு முன்னால் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. உன் கண் அவன் காலில் இருந்தது. பார்க்காமலே சொன்னாய்:

"இல்ல. ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கறாரு. நல்ல கோட்டப் போட்டுக்கிட்டு."

"கூப்புடட்டுமா?"

"வேணாம். தொறக்க மாட்டாரு. பள்ளம் வருது, என் பக்கம் வாங்க... ஆங், தாண்டியாச்சு."

அப்படியும் அவன் விடவில்லை. "வணக்கம் வாத்தியாரே!" என்று கத்தினான். ஜன்னல் இருக்கும் திசை தெரியாததால் எலுமிச்சை மரத்தைப் பார்த்துக் கத்தினான். பழக்க தோஷத்தில் நானும் வணக்கம் என்று முனகினேன். அவன் தலை திரும்பியது. அவனுக்குக் கேட்டிருக்கிறது. உனக்குக் கேட்கவில்லை.

ஏதென்ஸில் ஓட்டம் முடிகிற அரங்கத்துக்குள் நீங்கள் இருவரும் ஓடி நுழைந்ததாகவும், கடைசிக் கூட்டத்தோடு என்றாலும் சேர்ந்தே நுழைந்ததாகவும் ஃபோத்திஸ் சொன்னான். "வாழ்த்து சொல்லலியா வாத்தியாரே?" என்றும் கேட்டான். சொல்கிறேன். வாழ்த்துகள்.

காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கிளையும் இருக்கிறது. இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. அவனுக்கு நீயே சொல்லிவிடுவாய்.

இன்னும் ஒன்று. இல்லாததைச் சொல்லக்கூடாது என்பது உன் விதி. ஈஸ்டரிலிருந்து இந்தக் கேட் பச்சை. நீ இருந்தவரைக்கும்தான் நீலம்.

அவனிடம் திருத்திச் சொல்ல வேண்டாம். நீலமாகவே இருக்கட்டும்.

ஸ்த்ராத்தோஸ்