மணியின் நாக்கைச் சுற்றியிருந்த தாள்

நேற்று உன் அம்மா ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். நம் குடியிருப்போர் சங்கத்தின் கைமணி இத்தனை வருடமாக உன் அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. "ஞாயித்துக்கிழம மறுபடியும் வேட்பாளர் கூட்டமாம்ல. நீயே கொண்டுபோயிரும்மா" என்றார். கனமான பித்தளை மணி. தெருமுனை வரை பையை வீசிக்கொண்டு நடந்தேன். அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால், நாக்கைச் சுற்றி ஒரு தாளை இறுக்கமாகத் திணித்து வைத்திருந்தாய். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சத்தம் வரக் கூடாது என்று செய்திருப்பாய். உனக்கு அந்த மாதிரி யோசனைகள் சட்டென்று தோன்றும்.

தாளை உருவி, தரையில் வைத்து உள்ளங்கையால் நீவினேன். பித்தளை வாடை அடித்தது. என் ஏழு கேள்விகள், என் கையெழுத்தில், ஜெராக்ஸ் எடுத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நீல மையில் உன் கையெழுத்து. என்ன எழுதினாய் என்பது உனக்குத் தெரியும். எனக்குத்தான் நேற்று வரை தெரியாது.

கே.கே. நகரில் உன் வீட்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில்தான் என் அப்பாவின் இஸ்திரி வண்டி நின்றது. உன் வீட்டுத் துணிகளைக் கொடுக்கவும் வாங்கவும் சின்ன வயதிலிருந்தே நான் உன் வாசலுக்கு வந்திருக்கிறேன், வாசலைத் தாண்டியதில்லை. இருவரும் ஒரே கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், பேருந்தில் உன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாய். "உக்காருடி. எங்க வீட்டுல எல்லாருக்கும் மானம் மரியாதைய மடிச்சுக் குடுக்குறதே ஒங்கப்பாதான்" என்றாய். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கூச்சப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்தேன். மூன்று வருடம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

நான் பேசமாட்டேன். நீ என் பங்கையும் சேர்த்துப் பேசுவாய். "இவ வாயத் தொறக்க மாட்டா. ஆனா ஒண்ணு விடாமப் பாத்து வச்சிருப்பா" என்று எல்லோரிடமும் சொல்வாய். மாநகராட்சித் தேர்தல் வந்தபோது, சங்கச் செயலாளரான உன் சித்தப்பாவிடமும் அதையே சொன்னாய். வார்டில் நின்ற நான்கு பேரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. கேள்விகளை நான் எழுதுவது, நீ வாசித்து மணி அடிப்பது, முடிந்ததும் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நான் ஒரு பக்கம் எழுதிப் பலகையில் ஒட்டுவது. கூட்டம் தொடங்கும்வரை கேள்விகள் நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று சித்தப்பா இரண்டு முறை சொன்னார். எங்கள் ஒற்றை அறையில் எதையும் மறைத்து வைக்க முடியாது என்பதால் தாளை உன்னிடம் கொடுத்தேன்.

கொடுத்த அன்று நீ கேட்டாய்: "பேச்ச வச்சு ஒரு ஆளோட குணத்த எப்படிடி கண்டுபிடிப்ப? எல்லாரும் நல்லாத்தான பேசுவாய்ங்க."

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். பேச்சைப் பார்க்கமாட்டேன், மணி அடித்ததும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். தன் பேச்சு அடுத்தவர் முறையைவிடப் பெரிது என்று நினைக்கிறவர் நிறுத்தமாட்டார். இன்னொன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா என்று பார்ப்பேன். அதை நான் அப்பாவிடமிருந்து எடுத்திருந்தேன். எப்போதாவது ஒரு சட்டை கருகிவிட்டால், அப்பா அதை மடித்து அடுக்கின் அடியில் சொருகமாட்டார். அடுக்கின் மேலே வைத்து, அந்த வீட்டுக்கு அவரே போய், அவர்கள் கேட்பதற்கு முன் காட்டுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கேள்வித் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாய். பிறகு, "பயங்கரமான ஆளுடி நீ" என்றாய். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் உனக்கு நினைவிருக்கும். சங்கக் கட்டடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். முதல் வேட்பாளர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கத்த, பின்வரிசையில் இருந்து ஒருவர், "அண்ணே, மைக்க முழுங்கிராதீக, வாடகைக்கு எடுத்தது" என்றார். இரண்டாமவர் எந்தக் கேள்விக்கும் கும்பிட்டார். மூன்றாவது, சந்தில் தையல் கடை வைத்திருந்த அக்கா. அவருக்குப் பின்னால் நின்றிருந்த கணவர் குனிந்து குனிந்து காதில் ஏதோ சொல்ல, "எலெக்சன்ல நிக்கிறது நீங்களா, அவுகளா?" என்று யாரோ கேட்டார்கள். அக்கா திரும்பிப் பார்த்து, "நீங்க போயி வெளிய நில்லுங்க" என்றார். அவரும் போய் நின்றார். அதன்பிறகு அக்கா தானாகவே பேசினார். தடுமாறினார், மணி அடித்தும் நிறுத்தத் தெரியவில்லை. நீ மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது.

நான்காமவர் அவர். பள்ளிக்கூடம் நடத்துகிறவர், வெள்ளைச் சட்டை, அமைதியான குரல். சாக்கடைத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச விரும்பல. விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்கள். அடுத்த பதிலின்போது மணி அடித்தது. "மக்களுக்கு நான்" என்பதோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். முழு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. குறிப்பேட்டில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஏழாவது கேள்வி வண்டிகளைப் பற்றியது. இந்தத் தெருக்களில் நிற்கும் இஸ்திரி வண்டி, பூ வண்டி, இட்லிக் கடைகளை என்ன செய்யப்போகிறீர்கள்? தையல்கார அக்கா, "அத எடுக்க வந்தா மொதல்ல என்னய எடுக்கச் சொல்லு" என்று தொடங்கி நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடக்காரர் முறை வந்தபோது, முதல்முறையாக உன்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வளர்ச்சி, அழகு, ஒழுங்கு என்று பேசினார். மணி அடித்தது. பேசினார். மறுபடி அடித்தது. அப்போதும் பேசினார். என் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன்.

பலகையில் ஒட்டிய பக்கத்தில் அதை எழுதவில்லை. அந்தக் கேள்வி என் அப்பாவின் வண்டியைப் பற்றியது. தன் வீட்டு விஷயத்துக்காக எழுதுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று கூச்சம். அதனால் பள்ளிக்கூடக்காரரைப் பாராட்டி எழுதியதில் ஏழாவது பதிலையே விட்டுவிட்டேன். அக்கா மணியை மதிக்கவில்லை என்பதை மட்டும் எழுதினேன். இது நீ செய்தது அல்ல. நான் செய்தது.

அந்தப் பக்கம் படமாக எல்லோருடைய கைப்பேசிக்கும் போனது. "இஸ்திரிக்காரர் மக எழுதுனா நாயமா இருக்கும்" என்று பேசிக்கொண்டார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரிடமும், வீட்டு வேலை செய்கிறவர்கள், வாட்ச்மேன்கள் எல்லோரிடமும், "எம் மக பாத்துச் சொல்லிருக்கு" என்று சொல்லி அந்தப் பள்ளிக்கூடக்காரருக்கு ஓட்டுக் கேட்டார். அவர் ஜெயித்தார். அந்த ஜூனில் உனக்கு அவர் பள்ளியில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் கலக்கிவிட்டதாகச் சொன்னாய். நான் உனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்து உன் தலையில் வைத்துவிட்டேன்.

ஆவணியில் வண்டிகளை எடுத்தார்கள். வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சும் கவுன்சிலராகிவிட்ட அவர் பெயர் போட்ட பலகையும் வந்தன. அப்பா இப்போது சமயநல்லூரில் ஒரு சலவைக் கூடத்தில் நின்றுகொண்டு யாருடையது என்று தெரியாத துணிகளைத் தேய்க்கிறார். வண்டிகளை எடுத்த அன்று அப்பா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது நான் வாசலில் நின்றேன். என்னைத் திட்டியிருக்கலாம். "படிச்ச புள்ள நீயி. பாத்துத்தான சொல்லியிருப்ப" என்றார். அவ்வளவுதான். என்னை நம்பியே அப்படிச் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்று மாலை நீ வந்தாய். முதல் முறையாக எங்கள் அறைக்குள் வந்து, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஆளைக் கணிக்கத் தெரியாதவள் நான், எனக்கு எதுக்கு இந்த வேலை என்று அழுதேன். நீ என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "நீ பாத்தது சரிதான்டி. அவரு மாறிட்டாரு. பதவி வந்தா மனுசங்க மாறிருவாங்க." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன். மூன்று நாள் காய்ச்சலில் நீ போனபோது, உன் தலைமாட்டில் நின்று, என்னைத் தேற்றிய ஒரே ஆள் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

இப்போது தாள். நான்காவதான சாக்கடைக் கேள்விக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: "இங்கே கொஞ்சம் யோசிங்க. தெரியாது என்று சொல்லுங்க. தெரிந்தாலும்." ஐந்தாவதற்குக் கீழே: "மணி அடித்ததும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுட்டு உட்காருங்க. அவ அதைத்தான் பார்ப்பா."

அவ. என் பெயரைக்கூட நீ எழுதவில்லை.

கேள்விகளை மட்டும் கொடுத்திருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பேன். வினாத்தாள் வெளியே போவது ஊரில் நடக்காததா? என் வீட்டில் கருகிய சட்டைகளைப் பார்த்துப் பார்த்து நான் செய்துகொண்ட அளவுகோலை, உன்னிடம் மட்டும் சொன்னதை, எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, அவர் படித்ததும் திருப்பி வாங்கி வந்திருக்கிறாய். மேடையில் நான் நேர்மை என்று பார்த்தது உன் நீல மை. அவரை அல்ல, உன்னைத்தான் நான் தவறாகக் கணித்திருக்கிறேன். நான்கு பேரையும் கண் இமைக்காமல் பார்த்த நான், மணியைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. வண்டி போன அன்று உண்மையைச் சொல்ல உனக்கு ஒரு மாலை முழுக்க இருந்தது. நீ என் தலையைத் தடவினாய்.

ஏழாவது கேள்விக்குக் கீழே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. காலியாக இருக்கிறது. நேற்றிலிருந்து அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பாவைப் பற்றி ஒரு பொய்யை எழுத உன் கை வரவில்லை என்று நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆசைப்பட்டதைப் பார்த்ததாக எழுதக் கூடாது என்று ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டேன். அது காலியாக இருக்கிறது. அந்தக் கேள்வியில்தான் அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார், அந்தக் கேள்வியில்தான் மணிக்குப் பிறகும் பேசினார். இரண்டையும் நான் பார்த்தேன். அளவுகோல் பொய் சொல்லவில்லை. நான்தான் கூச்சப்பட்டு மறைத்தேன்.

இந்தத் தேர்தலில் அந்தக் கவுன்சிலர் மறுபடி நிற்கிறார். தையல்கார அக்கா நிற்கவில்லை, போய்க் கேட்டேன். "ஒருக்கா நின்னு பட்டது போதும் தாயி. மணி அடிச்சா நிறுத்தத் தெரியாதவன்னு எழுதி ஒட்டிட்டாகள்ல" என்றார், அதை எழுதியது நான் என்று தெரிந்தே, சிரித்துக்கொண்டே. உன் சித்தப்பா இந்த முறையும் கேள்விகளை முன்பே எழுதித் தரச் சொன்னார். வேண்டாம், வருகிறவர்கள் அங்கேயே சீட்டு எழுதிக் குடத்தில் போடட்டும் என்றேன். "சரி, யாரு வாசிக்கிறது? அவதான் இல்லையே" என்றார். நான் வாசிக்கிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்விக்கு முன்னால் இந்தத் தாளை எல்லோருக்கும் காட்டப்போகிறேன். ஏழாவது பதிலை மறைத்தது நான் என்பதையும் சொல்வேன். உன் கையெழுத்து உன் சித்தப்பாவுக்குத் தெரியும், பாதித் தெருவுக்குத் தெரியும். உன் அம்மா இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிறார். இனி அனுப்பமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். நீ எனக்கு நல்ல தோழியாகவே இருந்துவிட்டுப் போவாய், அவரும் மறுபடி ஜெயிப்பார்.

அப்பாவிடம் இன்று காலை தாளைப் படித்துக் காட்டினேன். தாளை வாங்கிச் சுருக்கங்களை நீவிவிட்டுத் திருப்பித் தந்தார். கடைசியில், "அந்த வீட்டம்மாட்ட மொதல்ல போயிச் சொல்லிரு. கூட்டத்துல கேட்டா தாங்காது" என்றார். உன் மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் பேருந்தில் எனக்கு இடம் கொடுத்ததும் நீதான். இரண்டையும் சேர்த்தேதான் நான் சுமக்க வேண்டியிருக்கிறது.

வெயில் தாழ்ந்துவிட்டது. உன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். பையில் மணி இருக்கிறது. அதன் மேலே, கண்ணில் படும்படி, தாளை மடிக்காமல் வைத்திருக்கிறேன். இப்போது நாக்கைச் சுற்றி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அது ஒலிக்கிறது.