பெட்டியில் வைத்த கேப்சூலைத் தொடாதே

அன்புள்ள மகன் அறிவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், இதைப் பொய் கலக்காமல் எழுத எனக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டு ஹபீபுர் ரஹ்மான் நாளைக்கு அங்கே கிளம்புகிறான், இந்தக் கடிதத்தோடு நெத்திலிக் கருவாடும் அனுப்புகிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிக்கொண்டான். உன் பெட்டியில் நான் வைத்த ஆன்டிபயாட்டிக் கேப்சூல்களைத் தொடாதே, தேதி முடிந்துவிட்டது என்று ஃபோனில் சொன்னேன் அல்லவா, தொடாதே என்றது நிஜம், தேதி முடிந்தது என்றது பொய். அப்பா பக்கத்தில் இருந்ததால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஆழ்வார்பேட்டை பல் கிளினிக்கில் பதினான்கு வருஷம் கூட்டிப் பெருக்கியதில் நான் பாதி டாக்டர் ஆகிவிட்டது உனக்கே தெரியும். நம் லைன் வீடுகளில் யாருக்கு என்ன வந்தாலும் நான் மாத்திரை சேர்த்து வைக்கிற பிஸ்கட் டப்பாவைத்தான் தேடி வருவார்கள். போன மாதம் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி, எனக்குப் பல் பிடுங்கியபோது மீந்த கேப்சூலை ஐந்து நாள் கொடுத்தேன். வலி போனது, எனக்கும் தலைகால் புரியவில்லை. அப்புறம் பிடித்தது பாரு பேதி, ஒரு நாளைக்குப் பத்து தடவை. "கிண்டி ரேஸ் குதிரைங்கோ தோத்துடும் ரத்னா, அப்டி ஓடிக்கினு கீறேன்" என்று அவருக்குக் கிண்டல் வேறு. நான் சும்மா இருந்தேனா, பேதியை நிறுத்தவும் ஒரு மாத்திரை கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல், வயிறு உப்பிவிட்டது, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் ஜெயஸ்ரீ, பல்லுக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், யார் கொடுத்தது என்று கேட்டார். அப்பா, "நானே கடையில வாங்கினேம்மா, பேரு இன்னான்னு தெரியாது" என்கிறார், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. உதடு காய்ந்து கிடக்கிற மனுஷன் என் மானத்தைக் காப்பாற்றுகிறார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. பர்ஸில் கிடந்த காலி கேப்சூல் அட்டையை நீட்டி, நான்தான் கொடுத்தேன் என்றேன். அந்த அட்டையைப் பார்த்துத்தான் எதைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டருக்குச் சட்டெனப் பிடிபட்டது. அந்த மருந்து குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடுமாம், அவை போன இடத்தில் ஒரு கெட்ட கிருமி பெருகி விஷம் கக்குமாம், வயசானவர்களை ரொம்பவே படுத்துமாம். பேதியை அடக்கியது அதைவிடத் தப்பாம். அதற்கென்று உள்ள மருந்து கொடுத்துப் பத்து நாளில் சரியாக்கினார்கள்.

அந்தக் கிருமி கக்கூஸ் கதவு, குழாய், கை என்று பரவுமாம், கையில் தடவுகிற சானிடைசருக்கும் சாகாதாம், சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகுமாம். நம் லைனுக்கு இருப்பதோ ஒரே கக்கூஸ். தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லி சோப்பும் கொடுத்தேன். "அப்போ தலைவலிக்கு இனிமே யாராண்ட போறது" என்று ரூபீனா அக்கா என்னையே கேட்கிறாள். நல்லவேளை, வேறு யாருக்கும் வரவில்லை.

அப்பா இப்போது மீன் குழம்பில் காரம் போதவில்லை என்று சண்டை போடுகிறார். உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டரிடம் போ, அவர் கொடுப்பதை மட்டும், சொன்ன நாள்வரை சாப்பிடு. கபாலீஸ்வரர் துணை இருப்பார், நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டால் கடையில் தானே வாங்கியதாகத்தான் இன்னும் சொல்வார். நம்பாதே, கொடுத்தது நான்.

உன் அம்மா,
ரத்னா
மயிலாப்பூர்