சிவப்பு அட்டைக்குப் பால்கோவா

அன்பு மகன் அல் அமீனுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, அதைத்தான் டிவியிலேயே பார்த்துவிட்டோமே. போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுத வைத்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். (எழுதுவது உன் தங்கை அப்சானா. திட்டில் பாதியைக் குறைத்திருக்கிறேன் அண்ணே, நன்றி சொல்லு.)

நீ கால்பந்து விளையாடிய காலமெல்லாம், கால் உடைந்தால் சோறு யார் போடுவது என்று பெண் தர மறுத்தார்கள். முட்டி போய் நீ கோவாவில் கோச் ஆனதும், இனி உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம், மரியாதையான வேலை என்று சொல்லித்தான் சோழவந்தான் வெற்றிலை வியாபாரி முஜிபுர் ரஹ்மான் பாயை வீடு பார்க்க வரச் சொன்னோம். மாப்பிள்ளையை நேரில் பார்த்த மாதிரி ஆகட்டும் என்று உன் மேட்ச் நேரத்துக்கே கூப்பிட்டது நான்தான், என் புத்தியைச் சொல்லணும். நீ கோட்டோரம் நின்று கத்தினாய், ரெஃபரி வந்து சிவப்பாய் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். என்னடி அது என்றேன். நல்ல கோச்சுக்குக் குடுக்குற மெடல் மாதிரிம்மா என்றாள் இந்தக் கழுதை. (கழுதை என்று அம்மாதான் சொன்னார்.) நான் சந்தோஷத்தில் பால்கோவாவை நீட்ட, உன் அத்தா அதைப் பாய் வாயிலேயே ஊட்டிவிட்டார். அவர் விழுங்குவதற்குள் நீ தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்தாய். மோசமான நடத்தைக்காகக் கோச் வெளியேற்றம் என்று டிவிக்காரர் தமிழிலேயே விளக்கினார். பாய் எழுந்து, ரோசிச்சுச் சொல்றோம் என்று செருப்பைத் தேடினார். அன்றிலிருந்து ரிமோட் உன் அத்தாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

நேற்று பாய் போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் என நினைத்தேன். அவர் சொன்னதோ வேறு. எம் மக ஹஃபீஸாவும் அந்த மேட்சப் பாத்திருக்காம்மா, பந்து எதிர் டீம்காரன் கையில பட்டது நெசந்தானாம், பெனால்டி குடுத்திருக்கணுமாம், மாப்ள கத்துனது நாயமாம், பாட்டில ஒதைச்சதுதான் தப்பாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனா ஒண்ணு, ஒரு கோல் முன்னாடி இருக்கும்போது எதுக்கு டிஃபென்டரை வெளிய எடுத்தாராம், அதுக்குப் பதில் வந்த பெறகுதான் மத்த பேச்சாம், எம்புட்டு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா என்றார்.

ஆகவே மகனே, முட்டிக்கு எண்ணெய் தேய், பஜ்ரு தொழுகையை விடாதே, பாட்டில் பக்கம் காலைக் கொண்டுபோகாதே. ஜும்ஆவுக்குள் பதிலை அனுப்பு. எனக்குச் சொல்கிற சமாளிப்பாய் இல்லாமல், அந்தப் பிள்ளை ஒத்துக்கொள்கிற பதிலாய் இருக்கட்டும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

துஆவுடன்,
உன் அம்மா அஜ்மல் பீவி

(அண்ணே, அவசரப்பட்டு டிஃபென்டரைத் தப்பாய் வெளியே எடுத்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டுவிடு. மெடல் கதையை நம்ப அந்த வீட்டில் ஆள் இல்லை.)