கிளிசரினும் தண்ணீரும்

என்னங்க,

காலையிலிருந்து ஒரே குழப்பம். ஒளியாற்றலைக் கொடுக்கும் சாயத்தையும் அதை வாங்கும் சாயத்தையும் ஒரே அளவில் கிளிசரினிலும் தண்ணீரிலும் கலந்தேன். இரண்டிலும் மூலக்கூறுகளுக்கு நடுவே சராசரி தூரம் ஒன்றுதான். ஆனாலும் தண்ணீரில்தான் ஆற்றல் அதிகம் கைமாறியது. கருவிதான் கெட்டுவிட்டதென்று திட்டித் தீர்த்தேன்.

“மெஷின் என்னக்கா பண்ணும்? கிளிசரின் கெட்டி, அதுங்க நின்ன இடத்துலயே நிக்குது. தண்ணியில, கொடுக்கிற சாயத்தோட வெளிச்சம் அணையறதுக்குள்ள நகர்ந்து கிட்ட வந்துடுது” என்றாள் ஆய்வகத்துத் தோழி.

இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

நீங்கள் மாடியில், நான் கீழே. சாப்பாட்டுத் தட்டு மட்டும் ஏறி இறங்குகிறது. சண்டை எதற்கென்றே மறந்துவிட்டது. யார் முதலில் நகர்வதென்றும் தெரியவில்லை.

இதைக் கதவிடுக்கில் நுழைத்துவிட்டு உங்கள் அறை வாசலிலேயே நிற்பேன். பார்த்துத் திறங்கள், வெளிப்பக்கம் திறக்கிற கதவு, என்மேல் இடிக்கும்.

உங்கள் வீட்டுக்காரி